மறைந்த மேற்கோட் குறிப்புகளைத் தேடும் நெறி

முன்னுரை

ஆராய்ச்சியாளர் தாம் பயிலும் நூல்களின் விவரங்களைச் சிறு அட்டைகளில் எழுதி அகரவரிசையில் அடுக்கிவைத்துப் பயன்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இன்று அவ்வட்டைகளின் இடத்தை மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் பெற்றுள்ளன. எண்ட்நோட், மெண்டலி, ஜோட்டெரோ என்பன அவற்றுள் பலரும் அறிந்தவை. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு, பக்கம், படித்தபோது எழுதிய குறிப்பு, நூலின் மின்படி ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்துக் காத்து, கட்டுரையில் வேண்டும் இடத்தில் வேண்டும் வடிவில் அவற்றைத் தருதலே இவற்றின் தொழில். அட்டைப்பெட்டி ஆண்டுதோறும் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதில்லை. மென்பொருளோ காலந்தோறும் மேம்படுத்தப்படுவது. மேம்பாடு முடிந்தபின் நூலகத்தைத் திறந்து பார்க்கும் ஆய்வாளர், ஈராண்டு மூவாண்டு உழைத்துச் சேர்த்த குறிப்புகளைக் காணாது திகைத்தல் எல்லாத் துறைகளிலும் நிகழக்கூடியதே.

அந்நிலையில் செய்யத்தக்கன யாவை, செய்யத்தகாதன யாவை என்பதனை முறைப்பட விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் ஈண்டு வலியுறுத்தக் கருதுவது ஒன்றே. மேம்பாட்டின்பின் காணப்படாத குறிப்பு பெரும்பாலும் அழிந்துபோவதில்லை. இடம் மாறிக் கிடக்கும், அல்லது கண்ணிற் படாமல் அவ்விடத்திலேயே இருக்கும். அதனை மீட்க இயலாதவாறு அழிப்பது பல சமயங்களில் பதற்றத்தாற் பின்னர்ச் செய்யப்படும் செயலே. ஆதலின், இன்மையையும் காணாமையையும் வேறுபிரித்து அறிதலே தேடுதலின் முதற்படி என்க.

1. காணாமை மூவகைத்து

'குறிப்புகள் போயின' என ஆய்வாளர் கூறும் ஒரு தொடர் மூன்று வேறு நிலைகளைக் குறிக்கும். முதலாவது, நூலின் விவரப்பதிவே நூலகத்திற் காணப்படாமை. இரண்டாவது, பதிவு இருந்தும் அதனோடு சேர்ந்த மின்படி திறவாமை. மூன்றாவது, நூலகத்திற் பதிவு இருந்தும் ஆய்வேட்டில் உள்ள மேற்கோள் அதனோடு தொடர்பு அறுந்து நிற்றல். இம்மூன்றும் வெவ்வேறு காரணத்தால் தோன்றுவன. வெவ்வேறு வழியால் தீர்வன.

மின்படி திறவாமைக்குக் காரணம் பெரும்பாலும் எளியது. ஜோட்டெரோ தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மின்படிகளைத் தன் தரவுக் கோப்புறையுள் தனியொரு சேமிப்பறையில், எட்டெழுத்துப் பெயர் கொண்ட சிறு கோப்புறைகளில் வைத்துக்கொள்ளும். ஆய்வாளர் மின்படியை வேறிடத்தில் வைத்து இணைப்பு மட்டும் கொடுத்திருப்பின், மென்பொருள் அறிந்தது அவ்விடத்தின் முகவரி ஒன்றே. கணிப்பொறி மாறினாலோ கோப்புறையின் பெயர் மாறினாலோ முகவரி பொய்க்கும். மின்படி எவ்வகைக் கேடும் இன்றி இருந்த இடத்தில் இருக்கும். எண்ட்நோட்டில் நூலகக் கோப்பு ஒன்றும் அதன் பெயரையே தாங்கிய தரவுக் கோப்புறை ஒன்றும் இணைந்தே ஒரு நூலகம் ஆகும். கோப்பை மட்டும் புதிய கணிப்பொறிக்கு எடுத்துச் சென்று கோப்புறையை விட்டுவிட்டால் இணைப்புகள் வாரா. இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒருங்கிருத்தல் இன்றியமையாதது. மூன்றாவது நிலையைப் பின்னர் விரித்துரைப்போம். முதல் நிலையே ஆய்வாளரைப் பெரிதும் அச்சுறுத்துவதாதலின் அதனை முதற்கண் ஆராய்வோம்.

2. மேம்பாட்டின்போது நிகழ்வன

மென்பொருளும் அதன்வழி நாம் சேர்க்கும் தரவும் இரு வேறு பொருள்கள். கணிப்பொறியில் இரு வேறு இடங்களில் தங்குவன. மேம்பாடு மாற்றுவது மென்பொருளை. தரவைப் பொறுத்தவரை அஃது இரண்டு செயல்களைச் செய்யக்கூடும்: தரவுத்தளத்தின் உள்ளமைப்பைப் புதிய முறைக்கு ஏற்பத் திருத்தியமைக்கலாம், தரவு இருக்கும் இடத்தை வேறாகக் கொள்ளலாம். காணாமை பெரும்பாலும் இப்பின்னதால் விளைவது.

இதற்குத் தக்க சான்று 2017-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஜோட்டெரோ 2006-இல் அமெரிக்க நாட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்திலிருந்து வெளிவந்தபோது, பயர்பாக்சு என்னும் உலாவியின் துணைநிரலாக அமைந்திருந்தது. ஆகவே அதன் தரவும் அவ்வுலாவியின் பயனர் கோப்புறைக்குள் அடங்கியிருந்தது. பின்னர்த் தனித்து இயங்கும் வடிவமும் உடன்வழங்கியது. 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்சின் 57-ஆம் வடிவம் பழைய துணைநிரல் முறையை அறவே கைவிட்டது. அதனை எதிர்நோக்கி, அவ்வாண்டு ஜூலையில் வெளியான ஜோட்டெரோவின் 5-ஆம் வடிவம் உலாவியை விட்டு நீங்கித் தனி மென்பொருளாக மட்டுமே அமைந்தது. பயனரின் இல்லக் கோப்புறையில் தன் பெயரால் அமைந்த கோப்புறையையே தரவின் இயல்பான இடமாகக் கொண்டது.

ஒரே தரவுக் கோப்புறையைப் பயன்படுத்தியோர்க்கு இம்மாற்றம் பெரும்பாலும் இடர் தரவில்லை. உலாவியில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கோப்புறைகளை வைத்திருந்தோரும், உலாவி வடிவத்தையும் தனி வடிவத்தையும் வெவ்வேறு தரவுக் கோப்புறைகளோடு ஆண்டோரும் இடருக்கு ஆளாயினர். புதிய மென்பொருள் அவற்றுள் ஒன்றைத் திறந்தது. அது பழையதாகவோ வெறுமையாகவோ இருந்தவிடத்து, 'எல்லாம் போயிற்று' என்னும் எண்ணம் எழுந்தது. ஆயின் மற்றைக் கோப்புறை கணிப்பொறியின் வேறோர் மூலையில் முழுமையாகவே இருந்தது.

ஏனைய மென்பொருள்களிலும் இதனோடு ஒத்த நிலைகள் உண்டு. எண்ட்நோட்டின் 20-ஆம் வடிவம் 2020-இல் வந்தது. பழைய நூலகத்தை அதிற் திறக்கும்போது, புதிய முறைக்கு மாற்றிய படி ஒன்று தனியே உண்டாகும். பழைய நூலகம் இருந்தவாறே இருக்கும். ஒருவர் ஒருநாள் பழைய படியிலும் மறுநாள் புதிய படியிலும் பதிவு செய்வாராயின், குறிப்புகள் இரண்டிடத்துச் சிதறும். எதனைத் திறப்பினும் சில குறைவதாகவே தோன்றும். மெண்டலியின் பழைய மேசைக்கணினி வடிவத்தைப் புதிதாகப் பெறும் வாயில் 2022 செப்டம்பர் 1-ஆம் நாளோடு மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த வடிவம் வலையகத்தில் உள்ள நூலகத்தையே காட்டுவது. ஆதலின் பழைய கணிப்பொறியிலிருந்து வலையகத்திற்கு ஒருபோதும் அனுப்பப்படாத பதிவுகள் அதிற் காணப்படா.

3. முதற்கண் செய்யத்தகாதன

தேடும் நெறியைக் கூறுமுன் விலக்க வேண்டியவற்றைக் கூறுதல் முறை. அவை நான்கு.

ஒன்று, மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுதல். தரவு வேறிடத்தில் இருத்தலின் இச்செயலால் அது திரும்புவதில்லை. இடர் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் அடையாளங்களே இதனால் மறையக்கூடும்.

இரண்டு, ஒத்திசைவை இயங்கவிடுதல். ஒரு கணிப்பொறியில் நிகழும் நீக்கமும் திருத்தமும் ஒத்திசைவின் வழியாக வலையகத்திற்கும், அங்கிருந்து ஏனைய கணிப்பொறிகளுக்கும் பரவுவன. நிலைமை தெளிவாகும் வரை தானியங்கும் ஒத்திசைவை நிறுத்திவைத்தல் நன்று. வீட்டில் மேம்படுத்தப்படாத மற்றொரு கணிப்பொறி இருப்பின், இணையத் தொடர்பைத் துண்டித்தபின்னரே அதனைத் திறந்து, அதிலுள்ள தரவுக் கோப்புறையைப் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அது சிதைவுறாத முழுப் படியாக இருத்தல் கூடும்.

மூன்று, வெறுமையாகத் தோன்றும் நூலகத்திலேயே பணியைத் தொடர்தல். ஜோட்டெரோ தன் தரவுத்தளத்திற்கு அவ்வப்போது தானே காப்புப்படி எடுத்துக்கொள்வது. வெறும் நூலகத்தைத் திறந்தும் மூடியும் வருவோமாயின், நல்ல தரவைத் தாங்கிய காப்புப்படியின்மேல் புதிய படி எழுதப்படலாம்.

நான்கு, குறிப்புகளை மீண்டும் கையாற் பதிதல். இதுவே பெருங்கேடு. பதிவு ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் தனி அடையாளம் ஒன்று வழங்கியுள்ளது. ஆய்வேட்டிலுள்ள மேற்கோள் நூற்பெயரால் அன்றி அவ்வடையாளத்தால் பதிவோடு பிணைக்கப்பட்டுள்ளது. மீண்டும் பதிந்தது புது அடையாளம் பெறும். ஆய்வேடு அதனை அறியாது. ஒரே நூல் துணைநூற்பட்டியலில் இருமுறை தோன்றுதற்கும், பதிவிற் செய்த திருத்தம் ஆய்வேட்டில் ஏறாமைக்கும் இதுவே காரணம். இதனினும் மேலாக, நினைவாலும் நூலகப் பட்டியலாலும் மீண்டும் பதிவது சான்றின் தூய்மையைக் கெடுக்கும். புறநானூற்றை உ. வே. சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டு முதற்பதிப்பில் பார்த்துப் பக்கம் குறித்தவர், இன்று கையில் அகப்பட்ட பிற்பதிப்பின் விவரத்தைப் பதிந்துவிடின், பக்க எண் ஒரு பதிப்பினது, ஆண்டு மற்றொரு பதிப்பினது என்றாகும். அதனைப் பின்பற்றித் தேடும் மாணவர் சான்றைக் காணார். காணாதபோது ஐயுறுவது ஆய்வாளரின் நேர்மையையே.

ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது: மென்பொருளை மூடுதல், கண்ணுக்குத் தெரியும் தரவுக் கோப்புறை எதுவாயினும் அதனை முழுமையாகப் படியெடுத்து வேறொரு தட்டில் வைத்தல். வெறுமையாகத் தோன்றும் கோப்புறையும் இதற்கு விலக்கன்று. இனிச் செய்யும் சோதனை அனைத்தும் படியின்மேற் செய்யத்தக்கன.

4. தேடும் வரிசை

எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் தேடுதலின் ஒழுங்கு. அவ்வொழுங்கை ஜோட்டெரோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு கூறுவோம். பிறவற்றிற்கும் ஏற்ற பெற்றி பொருத்திக்கொள்க.

முதலில் திரையைப் பார்த்தல் வேண்டும். தேடற்பெட்டியில் பழைய சொல் ஒன்று எஞ்சியிருப்பினும், குறிச்சொற் பட்டியலில் ஒரு குறிச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பினும், அவற்றோடு பொருந்தும் பதிவுகளே தெரியும், பிற மறைந்திருக்கும். தனித் தொகுப்பு ஒன்றில் நின்றுகொண்டு முழு நூலகத்தையும் காண்பதாகக் கருதுதலும் உண்டு. தொகுப்பை நீக்கினும் அதிலிருந்த பதிவுகள் முழு நூலகத்தில் எஞ்சியிருத்தலே இயல்பு. ஆகவே முழு நூலகத்தின் தலைப்பைச் சுட்டிப் பார்த்தல் வேண்டும். அதன்பின் குழு நூலகங்களையும் குப்பைத் தொட்டியையும் பார்க்க.

இரண்டாவதாக, வலையக நூலகத்தைப் பார்த்தல் வேண்டும். ஒத்திசைவு செய்துவந்தோர் உலாவி வழியாகத் தம் கணக்கினுள் நுழைந்து நோக்கினால், பதிவுகள் அங்கு உள்ளனவா என்பது உடனே விளங்கும். இருப்பின் கேடு தம் கணிப்பொறியளவில் நின்றது எனத் தெளியலாம். பதிவுகள் அங்கு இருந்தும் மின்படிகள் இல்லாமை கூடும். பதிவுகளுக்கு அளவில்லை, இலவசமாகப் பெறும் கோப்பிடம் 300 மெகாபைட் மட்டுமே என்பது இதற்குக் காரணம்.

மூன்றாவதாக, தரவுக் கோப்புறையைத் தேடுதல். மென்பொருளின் விருப்பமைப்புகளில் 'மேம்பட்டவை' என்னும் பகுதியில், இப்போது எக்கோப்புறை பயன்படுகின்றது என்பதைக் காட்டும் வாயில் உண்டு. அதனைக் குறித்துக்கொண்டு, கணிப்பொறி முழுவதிலும் ஜோட்டெரோவின் பெயரோடு 'எஸ்கியூலைட்' என்னும் ஈறு கொண்ட கோப்பைத் தேடுதல் வேண்டும். மறைகோப்புறைகளையும் தேடலில் அடக்குதல் இன்றியமையாதது. விண்டோசு இயக்கத்தில் உலாவியின் பயனர் கோப்புறை இயல்பாகவே கண்ணுக்குப் புலனாகாத பகுதியில் உள்ளது. அகப்பட்ட கோப்புகளை அளவாலும் இறுதியாகத் திருத்தப்பட்ட நாளாலும் ஒப்பிடுக. அளவிற் பெரியதும், மேம்பாட்டிற்கு முந்திய கடைசிப் பணிநாளைத் தாங்கியதுமே நாம் தேடுவது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் ஏட்டின் அளவையும் எழுதிய காலத்தையும் முதலில் நோக்குதல் போன்றது இது. பின்னர் மென்பொருளுக்கு அக்கோப்புறையைச் சுட்டிக்காட்டினால் நூலகம் முழுமையாகத் தோன்றும்.

நான்காவதாக, காப்புப்படிகளை நோக்குதல். தரவுத்தளக் கோப்பின் அருகிலேயே அதன் பெயரோடு 'பேக்' என்னும் ஈறு சேர்ந்த கோப்பு இருக்கும். அது மென்பொருள் தானே எடுத்த அண்மைக்காலப் படி. பெயருக்கும் ஈற்றிற்கும் இடையே எண் ஒன்று அமைந்த கோப்பும் இருத்தல் கூடும். அது மேம்பாடு ஒன்றின்போது, தரவுத்தளத்தின் அமைப்பைத் திருத்துமுன் எடுத்துவைக்கப்பட்டது; நம் நோக்கத்திற்கு அதுவே சிறந்தது. மீட்குமுறை எளிது: மென்பொருளை மூடி, இப்போதுள்ள தரவுத்தளக் கோப்பை வேறிடத்திற்கு அகற்றி, காப்புப்படியின் படி ஒன்றிற்கு அதன் பெயரை இட்டுத் திறத்தல். ஒத்திசைவு செய்வோர் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும். பழைய படியை மீட்டவுடன் ஒத்திசைவைத் திறப்பின், வலையகத்தில் ஏற்கெனவே பதிவான நீக்கங்கள் மீட்ட படியிலும் வந்து படியும். அதனைத் தவிர்ப்பதற்கே, கணிப்பொறியில் உள்ளதைக் கொண்டு வலையக நூலகத்தை மாற்றியமைக்கும் தெரிவு ஒத்திசைவு அமைப்பில் வைக்கப்பட்டுள்ளது.

5. தமிழ்ப் பதிவுகளுக்கே உரிய சிக்கல்கள்

மேற்கூறியன எம்மொழியார்க்கும் பொது. தமிழிற் பதிவு செய்வோர் கூடுதலாக அறியவேண்டியன சில உள. பதிவு இருந்தும் தேடலில் அகப்படாமை தமிழிற் பலவாறு நிகழ்கின்றது. மேம்பாட்டோடு கணிப்பொறியும் விசைப்பலகை முறையும் மாறுமாயின், பழைய பதிவு ஒரு முறையிலும் புதிய தேடற்சொல் மற்றொரு முறையிலும் எழுதப்பட்டதாக அமைந்துவிடும்.

ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் அமைக்கலாம். கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் அமைக்கலாம். இரண்டும் ஒப்புடையன என்பது ஒருங்குறித் தரத்தின் விதி. அவ்விதிப்படி ஒருமைப்படுத்தாமல் ஒப்பிடும் மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று வாராது. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஓரெழுத்தாக எழுதாமல், ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவையார்' என எழுதியோர் பலர். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கணிப்பொறிக்கோ அவை இரு வேறு சொற்கள், ஒருமைப்படுத்தலும் இவ்விரண்டை இணைக்காது. 'ஸ்ரீ' என்பதும் இத்தகையது. 2005-இல் ஒருங்குறியின் 4.1-ஆம் வடிவத்தில் 'ஶ' சேர்க்கப்பட்டபின், அவ்வெழுத்தால் தொடங்கும் வடிவும் 'ஸ' எழுத்தால் தொடங்கும் வடிவும் பல எழுத்துருக்களில் ஒரே உருவில் தோன்றுகின்றன. ஆகவே தேடற்சொல்லில் இவ்வெழுத்துகளைத் தவிர்த்து, 'வையார்' என எஞ்சிய பகுதியாலோ பதிப்பாண்டாலோ தேடுதல் பயன்தரும்.

அடுத்தது வரிசை. தமிழ் நெடுங்கணக்கில் மெய் முன்னும் அதன் உயிர்மெய் பின்னும் வரும். ஆதலின் அகராதி முறையில் 'பத்துப்பாட்டு' முன்னும் 'பதிற்றுப்பத்து' பின்னும் நிற்கும். ஒருங்குறியின் எண்வரிசையில் புள்ளிக்குறி உயிர்க்குறிகட்குப் பின் உள்ளது. ஆகவே எண்வரிசைப்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் 'பதிற்றுப்பத்து' முன்வந்து 'பத்துப்பாட்டு' பின்செல்லும். ழகரம், ளகரம், றகரம், னகரம் ஆகியவற்றின் இடமும் இவ்வாறே மாறும். மேம்பாட்டால் வரிசை முறை மாறின், நூறு பதிவுகள் கொண்ட பட்டியலில் வழக்கமான இடத்தைப் பார்த்து இல்லையென முடிவு செய்தல் எளிது. பெயரும் இத்தகைய இடர் தருவதே. தலைப்பெழுத்தோடு கூடிய தமிழ்ப்பெயரைக் குடும்பப்பெயர், இயற்பெயர் எனப் பிரிக்கும் மேலைமுறைக்கு உட்படுத்தினால், 'உ. வே. சாமிநாதையர்' ஒருகால் உகரத்திலும் ஒருகால் சகரத்திலும் நிற்பார். ஒரு மென்பொருளினின்று மற்றொன்றிற்குப் பதிவுகளை மாற்றுவோர் இரண்டிடத்தும் தேடுதல் வேண்டும்.

இன்னும் பழைய பதிவுகளில், ஒருங்குறி பரவுமுன் வழங்கிய எழுத்துருக் குறியீடுகளால் எழுதப்பட்டவை உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் முறைகளும், அவற்றிற்கு முற்பட்ட வேறு முறைகளும் இவ்வகையின. குறிப்பிட்ட எழுத்துரு உள்ளவரை தமிழாகத் தோன்றிய அப்பதிவுகள், மேம்பாட்டால் எழுத்துரு அமைப்பு மாறியதும் பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையாகத் தோன்றும். அவற்றைக் குப்பையெனக் கருதி நீக்குதல் கூடாது. அவை மாற்றியின் வழியாக ஒருங்குறிக்குக் கொணரத்தக்கன.

6. ஆய்வேட்டிலிருந்து மீட்டல்

தரவுக் கோப்புறையும் காப்புப்படியும் வலையகமும் கைவிட்டவிடத்தும் ஒருவழி எஞ்சியுள்ளது. தமிழாய்வாளர்க்கு அது புதியதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாகக் கிடைத்தில. அவற்றின் செய்யுட்கள் சில உரையாசிரியர் மேற்கோளாலும் புறத்திரட்டாலும் நமக்கு எட்டியுள்ளன. முத்தொள்ளாயிரத்துச் செய்யுட்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் காத்துத் தந்ததும் புறத்திரட்டே. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் தம் நூலில் தொகுத்தவற்றுட் பலவும் இவ்வாறு மேற்கோள்வழி எஞ்சியவையே. மேற்கோள் காட்டுவோர், தாம் அறியாமலேயே மூலத்தின் காவலராகின்றனர்.

இவ்வுண்மை மென்பொருளுலகிலும் பொருந்தும். ஜோட்டெரோ ஆய்வேட்டில் ஒரு மேற்கோளை இடும்போது, கண்ணுக்குத் தெரியும் '(சாமிநாதையர், 1894)' என்னும் தொடரை மட்டும் இடுவதில்லை. அதன் பின்னணியில் புலக்குறியீடு ஒன்றை அமைத்து, பதிவின் அடையாளத்தையும் ஆசிரியர், நூற்பெயர், ஆண்டு முதலிய விவரங்களையும் அதனுள் பொதிந்துவைக்கின்றது. விண்டோசில் வேர்டு மென்பொருளில் ஆல்ட் விசையோடு எஃப்9 விசையை அழுத்தினால் அப்புலக்குறியீடுகள் வெளிப்படும். வேர்டின் 2007-ஆம் ஆண்டு வடிவம் முதலாக வழங்கும் ஆவணக் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளை அழுத்திக் கட்டிய பொதியே. பொதியை அவிழ்த்து உள்ளிருக்கும் உரைக் கோப்பைப் பார்ப்பின் இவ்விவரங்களைப் படிக்கலாம். அவ்வாறு படித்துப் பதிவுகளாக மீட்டுத் தரும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்ட்நோட்டும் ஆவணத்தினுள் 'பயண நூலகம்' என்னும் பெயரால் விவரங்களைச் சுமந்து செல்வது. அதனை வெளியே எடுத்து நூலகமாக்கும் வாயில் வேர்டில் அமையும் எண்ட்நோட்டின் பகுதியிலேயே உண்டு.

எண்ட்நோட்டைப் பற்றி மேலும் ஒன்று அறிதல் வேண்டும். மேற்கோளை அதன் வடிவம் நீக்கிப் பார்த்தால், நெளிவு அடைப்பினுள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பதிவெண்ணும் நிற்கும். அப்பதிவெண் ஒரு நூலகத்திற்கு மட்டும் உரியது. வேறொரு நூலகத்திற்குச் சென்ற பதிவு வேறு எண் பெறும். அப்போது மென்பொருள் பொருந்தும் பதிவைக் காட்டுமாறு நம்மைக் கேட்கும். முற்கூறிய மூன்றாவது வகைக் காணாமை இதுவே. பழைய நூலகத்தையே மீட்டுத் திறத்தல் இதற்கு நேரிய தீர்வு.

ஆய்வேட்டினின்று மீட்பதற்கும் எல்லை உண்டு. மேற்கோளாக ஆண்ட நூல்களே இவ்வழியிற் கிடைக்கும். படித்து ஆளாதன கிடையா. மின்படிகளும், தொகுப்புப் பிரிவுகளும், நாம் எழுதிய குறிப்புரைகளும் வாரா. மேற்கோள்களின் தொடர்பை அறுத்து வெற்றுரையாக்கிச் சேமித்த ஆவணத்தில் இவ்விவரங்கள் எவையும் இரா. ஆதலின் அச்சகத்திற்கோ தேர்வாளர்க்கோ அனுப்புதற்பொருட்டு வெற்றுரையாக்குவோர், அதனைத் தனிப்படியிற் செய்து, மூல ஆவணத்தைப் புலக்குறியீடுகளோடு காத்துவைத்தல் கடன்.

7. எண்ணும் காப்பும்

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில என்றும், ஐங்குறுநூற்றில் 129, 130-ஆம் பாட்டுகளும் புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகளும் இல என்றும் நாம் திட்டமாகக் கூற இயல்வது எதனால்? தொகை முழுவதற்கும் எண் இருந்ததனால் என்க. எண் இல்லாத தொகையில் இழப்பும் புலனாகாது. தம் நூலகத்தில் எத்தனை பதிவுகள் உள என்பதை அறியாத ஆய்வாளர், மேம்பாட்டின்பின் எட்டுப் பதிவுகள் குறைந்திருப்பின் அதனை அறியவே மாட்டார். ஆய்வேட்டின் இறுதி நாளில் அறிவார். ஜோட்டெரோவில் முழு நூலகத்தையும் திறந்து எதனையும் தேர்ந்தெடாது விட்டால், பதிவுகளின் தொகை ஒருபுறம் தோன்றும். மேம்பாட்டிற்கு முன் அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுதல் ஒரு நொடிப் பணி.

எண்ணோடு காப்பும் வேண்டும். மேம்பாட்டிற்கு முன் மென்பொருளை மூடித் தரவுக் கோப்புறை முழுவதையும் வேறொரு தட்டில் படியெடுக்க. தரவுத்தளக் கோப்பை மட்டும் எடுத்தல் போதாது. மின்படிகள் சேமிப்பறையில் உள்ளன. பொதுவடிவம் ஒன்றில் ஏற்றுமதி செய்த படியையும் வைத்துக்கொள்க. அது முழு நூலகத்திற்கு ஈடாகாதெனினும், எம்மென்பொருளும் படிக்கத்தக்க பட்டியலாக அமையும். தரவுக் கோப்புறையையே மேகச் சேமிப்பகத்தோடு ஒத்திசையும் கோப்புறைக்குள் வைத்தல் கூடாது என்பது ஜோட்டெரோவின் ஆவணங்களே தரும் எச்சரிக்கை. தரவுத்தளம் திறந்திருக்கும்போது அதன் பகுதிகள் வெவ்வேறு காலத்தில் படியெடுக்கப்பட்டுச் சிதைவு நேரும். ஒத்திசைவும் காப்புப்படி ஆகாது. பிழையாக நீக்கியதையும் அஃது உண்மையாகவே எல்லாவிடத்தும் நீக்கிவிடும்.

முடிவுரை

நூலின் விவரத்தை மீண்டும் தேடிப் பெறலாம். பதிப்பாண்டை நூலகப் பட்டியல் தரும். ஆயின் தொலைவிலுள்ள நூலகம் ஒன்றில் அரிய பதிப்பின் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அவ்விடத்துத் தோன்றிய ஐயத்தையும் கண்ட பாடவேறுபாட்டையும் எழுதிய குறிப்பு உலகில் ஒரே படியாக உள்ளது. அதனை எவ்வலையகமும் எப்பட்டியலும் திருப்பித் தாரா. மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் உண்மையில் காக்கத்தக்க பொருள் அதுவே.

ஆகவே முதலில் நிறுத்துக, படியெடுக்க, பின்னரே தேடுக. திரை, வலையகம், கோப்புறை, காப்புப்படி, ஆய்வேடு என்னும் இவ்வைந்திடத்தும் வரிசையாகத் தேடி முடியுமுன் ஒரு குறிப்பை இழந்ததாகக் கொள்ளற்க. துறைதோறும் முதலாண்டு முதுகலை, ஆராய்ச்சி மாணவர்க்கு மேற்கோள் முறையைக் கற்பிக்கும்போதே, தரவு தங்கும் இடத்தையும் அதனைப் படியெடுக்கும் முறையையும் உடன் கற்பித்தல் நலம் என்பது எம் கருத்து. அடிக்குறிப்பு எழுதக் கற்பவர் அவ்வடிக்குறிப்பு எங்கே தங்குகின்றது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.